கரகரப்பு நின்ற நேரம்

காலை பத்து மணி நாற்பதுக்கு மாமியின் குரல் தெளிந்தது. பருப்பை அடுப்பில் ஏற்றியிருந்ததால் குசினிச் சுவரிலிருந்த மணிக்கூட்டை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அதுவரை மகளின் அறையில் ஓடிய பழைய கசெற்றிலிருந்து வந்ததைப் பாட்டு என்று சொல்ல முடியாது. சூடான சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு கரகரப்பு, அதற்குள்ளே எங்கேயோ ஒரு பெண்குரல், அவ்வளவுதான். பிறகு அந்தக் கரகரப்பு மெல்ல மெல்லக் குறைந்து ஒரேயடியாக அடங்கியது. நாற்பது வருடத்துக்கு முன்னர் கொட்டாஞ்சேனையில் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவுக்கு முன்னால் நின்று பாடிய மாமி, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்குள் வந்து நின்று பாடினார். நான் அகப்பையும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். இப்போது எனக்குத் தாங்க முடியாமல் இருப்பது அந்தச் சிரிப்புத்தான். பாட்டு நின்றது. ஒரு சுவிச் தட்டுகிற ஓசை. அதன் பிறகு 'பொக்' என்று ஏதோ அமுங்கியதைப் போன்ற ஒரு சத்தம். மகள் கத்தவில்லை. ஏதோ சாமான் எங்கே இருக்கிறது என்று கேட்கப்போகிறவள் போல, "அம்மா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

கதவைத் திறந்தபோது முதலில் வந்தது மணம். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் இனிப்பு மணம், அதற்கு மேல் தலைமயிர் கருகிய மணம். மேசையில் மாமாவின் பழைய அம்பிளிபயர் மூடி கழற்றப்பட்டுக் கிடந்தது. மகள் கதிரையில் இருந்தபடி வலது கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள். நெற்றியோரத்து மயிர் சுருண்டிருந்தது, ஒரு புருவத்தைக் காணவில்லை. தீ எதுவும் எரிந்துகொண்டிருக்கவில்லை. வந்ததும் போனதும் கண் இமைக்கும் நேரம்தான் என்று பிறகு சொன்னாள். கடல் பக்கத்து யன்னல்கள் மூன்றும் பூட்டியிருந்தன. அவளைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து கண்ணில் தண்ணீர் ஓடவிட்டேன். அடுப்பை அணைத்தேனா என்ற நினைவு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், காலி வீதி நெரிசலில் ஓட்டோ நிற்கும்போதுதான் வந்தது. அணைத்திருக்கவில்லை. தொலைபேசியில் சொல்ல, கீழ்வீட்டு அக்கா மேலே ஓடிப்போய் அணைத்தார்.

நான் பயந்த சுபாவம். அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. வெளியே போகுமுன் காஸ் குழாயை இரண்டு தரம் திருகிப் பார்ப்பேன். மகள் ரியூஷன் முடிந்து வரப் பிந்தினால் பல்கனியில் போய் நிற்பேன். கடலில் கால் நனைக்கப் போகிறேன் என்று அவள் சொன்னால் ரயில் தண்டவாளத்தைக் கடப்பது பற்றி ஒரு பிரசங்கமே செய்வேன். அப்படிப்பட்டவளுக்கு, மூடிய அறைக்குள் அவள் ஒரு ஸ்பிறே டின்னோடு இருந்தது ஒரு துளி பயத்தையும் தரவில்லை. அந்த டின்னின் சீறல் சத்தம் என் மனதில் ஆபத்தோடு சேர்ந்த சத்தமே அல்ல. அது மாமாவோடு சேர்ந்த சத்தம்.

மாமா அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் எழுதுவினைஞராக வேலை. கோயிலில் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பு. கொடியேற்றம், நவநாள், நத்தார்ப் பூசை எதுவானாலும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில், ஒரு காதைச் சாய்த்துக்கொண்டு இருப்பார். கோயிலின் அம்பிளிபயரும் வீட்டிலிருந்த சொந்த அம்பிளிபயரும் அவருக்கு ஒன்றுதான். இரண்டுமே துறைமுகக் காற்றில் பழுதாகிப்போகும். கடலுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இது தெரியும். உப்பு எல்லாவற்றையும் தின்னும். எங்கள் ஒழுங்கையில் யன்னல் கொழுக்கி, கைப்பையின் சிப், வாங்கி இரண்டு வருடமாகாத தொலைக்காட்சி எதையும் அது விட்டுவைப்பதில்லை. அம்பிளிபயரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழுக்குப் பின்னால் கரி பூசிய ஒரு சிறு வளையம் இருக்கிறது. குமிழைத் திருப்பும்போது அதன்மேல் ஒரு மெல்லிய தகடு உரசிக்கொண்டு போகும். அந்த வளையத்தில் உப்பும் தூசும் படிந்தால், திருப்புகிற போதெல்லாம் கரகரக்கும். மாமா ஒரு டின் வைத்திருந்தார். கப்பற்காரர் யாரோ கொண்டுவந்து கொடுப்பது. அதன் வாயில் ஒரு மெல்லிய சிவப்புக் குழாய். அதைக் குமிழின் இடுக்குக்குள் விட்டு, ஒரு சீறல், ஒரேயொரு சீறல். பிறகு குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல தரம் திருப்புவார். "குளிப்பாட்டுறதுக்கில்லை பிள்ளை, முகம் கழுவுறதுக்கு. கொஞ்சம் காணும்" என்பார்.

சோதித்துப் பார்க்க ஒரேயொரு கசெற்றைத்தான் போடுவார். பாடகர் குழுவின் பயிற்சியொன்றை அவரே பதிவு செய்தது. மாமி தனித்துப் பாடுகிற ஓர் இடம் அதில் வரும். "உன்ர மாமியின்ர தொண்டையைத் துப்புரவாக்கப் போறன்" என்று குசினிக்குக் கேட்கும்படி சொல்வார். மாமி விடமாட்டார். "முதல்ல உங்கட காதைத் துப்புரவாக்குங்கோ. நேற்று அரிசி வாங்கச் சொன்னது கேக்கேல்ல" என்று அங்கிருந்து பதில் வரும். கரகரப்புக்குள் சிக்கிய மாமியின் குரல், சீறல், அந்த மணம், பிறகு கண்ணாடிபோலத் தெளிந்த அதே குரல். பத்து வயதில் நான் பார்த்த அற்புதம் இதுதான். குருடர் பார்த்ததையும் முடவர் நடந்ததையும் ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவள் நான், ஆனால் கண்ணால் கண்டது இந்த ஒன்றைத்தான்.

மாமாவிடம் எல்லோரும் சிரிக்கிற இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, அவருடைய சட்டைப் பையில் எப்போதும் விரற்கடை நீளத்தில் ஒரு கண்ணாடிப் பியூஸ் கிடக்கும். சட்டை தோய்க்கும்போது அது மாமியின் கையில் அகப்படும். "மற்ற ஆம்பிளையளின்ர பொக்கற்றில கடிதம் அகப்படும், சண்டை பிடிக்கலாம். இந்தாளோட அதுக்கும் வழியில்லை" என்று அம்மாவிடம் முறையிடுவார். மற்றது தேத்தண்ணி. அம்பிளிபயர்ச் செற்றைக் கழற்றிவிட்டால் மாமாவுக்குத் தேத்தண்ணி இல்லாமல் வேலை ஓடாது. நடுவிலே நிமிர்ந்து, "பிள்ளை, மாமியிட்ட ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு ஓடிவா. இஞ்சி தட்டிப் போடச் சொல்லு" என்பார். மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஒரு யுகம் எடுக்கும். மாமி இஞ்சியைத் தட்டிக்கொண்டே, "இந்தாளின்ர உடம்பில ஓடுறது ரத்தமில்லை, சாயத்தண்ணி" என்பார். நான் தட்டில் கோப்பையை வைத்துச் சிந்தாமல் கொண்டுபோவேன்.

இந்தக் கதைகளை மகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ தெரியாது. மின்வெட்டுக் காலத்தில் இருட்டுக்குள் சொல்ல வேறு என்ன இருந்தது? அவளுக்கு மிகவும் பிடித்தது அந்த அம்பிளிபயர்க் கதைதான். மாமாவும் மாமியும் நீர்கொழும்பில் தங்கள் மகளோடு இருக்கப் போனபோது, அங்கே இடமில்லையென்று அந்த அம்பிளிபயரையும் கசெற்றையும் எங்களிடம் தந்துவிட்டார்கள். பழைய படுக்கைவிரிப்பால் மூடி அலுமாரிக்கு மேல் வைத்தோம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மகள் ஒருநாள் அதை இறக்கினாள். கரகரத்தது. புறக்கோட்டைக்குப் போய், கேட்டு விசாரித்து, பழைய ஒலிச் சாதனங்களின் தொடுமுனைகளைத் துப்புரவாக்குகிற ஸ்பிறே ஒன்றைத் தானே வாங்கிக்கொண்டு வந்தாள். கொன்டாக்ட் கிளீனர் என்று என்னிடம் காட்டினாள். மாமாவின் டின்னைப் போலவே அதற்கும் ஒரு சிவப்புக் குழாய் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. அந்த டின்னின் முதுகில் சின்னதாக ஒரு தீச்சுவாலை வரைந்திருந்ததை நான் பார்த்தது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு.

ஆஸ்பத்திரியில் கண்ணின் மேற்படை வெந்திருக்கிறது என்றார்கள். மருந்து விட்டு, கட்டிவிட்டார்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்று நான் கேட்டபோது, என் மகளை விடப் பத்து வயதுதான் கூட இருக்கும் அந்த டொக்டர், "பொறுத்துத்தான் பாக்கவேணும் அன்ரி" என்றார். பொறுத்துப் பார்ப்பது என்றால் என்னவென்று எனக்கு விளங்கப்படுத்த யாருமில்லை. கொள்ளுப்பிட்டியில் வேலைசெய்கிற கந்தோரிலிருந்து நேரே ஓடிவந்த என் கணவர், மகளின் கட்டிலருகில் நின்று நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் கோபக்காரர் அல்ல. எதையும் ஒழுங்காக விளங்கிக்கொள்ள வேண்டும் அவருக்கு. மகளும் ஒழுங்காகச் சொன்னாள். ரயில் போகிற சத்தத்தில் கரகரப்புக் கேட்காதென்று யன்னலைப் பூட்டினாளாம். பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு குமிழுக்குள்ளும் ஸ்பிறே அடித்தாளாம். எல்லாம் தெளிந்த பிறகு, பவர் சுவிச்சும் இறுகிக்கிடக்கிறதே என்று அதற்குள்ளும் அடித்து, நிற்பாட்டிப் போட்டுப் பார்த்தாளாம். சுவிச்சில் பறந்த பொறி பூட்டிய அறையில் நிறைந்திருந்த ஆவியில் பற்றியிருக்கிறது.

"ஓடிக்கொண்டிருக்கிற செற்றுக்கு அடிக்கலாமெண்டு ஆர் பிள்ளை சொன்னது?" என்றார் அவர்.

"அம்மா சொன்னவதானே அப்பா. மாமாத் தாத்தா பாட்டு ஓட ஓட அடிப்பாரெண்டு."

அவள் குற்றம் சொல்லவில்லை. ஒரு கண் கட்டோடு, மற்றக் கண்ணால் என்னைப் பார்த்து, நான் ஆமோதிப்பேன் என்று எதிர்பார்த்துச் சொன்னாள். கணவரும் என்னைப் பார்த்தார். "ஓம், அப்பிடித்தான்" என்றேன். சொல்லும்போதே எனக்கு நிச்சயமில்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் செய்ததெல்லாம் மணிக்கொருதரம் மருந்து விட்டதும், அந்தக் கொட்டாஞ்சேனை வீட்டு மேசையைத் திரும்பத் திரும்ப மனதில் கொண்டுவந்து பார்த்ததும்தான். மாமா குனிகிறார். முதுகு தெரிகிறது, பனியனின் ஓட்டை தெரிகிறது. சீறல் கேட்கிறது. மணம் வருகிறது. மாமி பாடுகிறார். அம்பிளிபயரின் முன்பக்கத்தில் ஒரு சின்னச் செம்மஞ்சள் விளக்கு உண்டு. சீறல் கேட்கிறபோது அது எரிந்துகொண்டிருந்ததா? ஒருநாள் எரிகிறது. மறுநாள் நினைத்தால் அணைந்திருக்கிறது. நான் எதை விரும்புகிறேனோ அதைக் காட்டுகிற நினைவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாமா உண்மையிலேயே அப்படித்தான் செய்தார் என்றால், அந்தக் காலத்து டின் வேறு, இந்தக் காலத்து டின் வேறு, எங்கள் தலைவிதி என்று இருந்துவிடலாம். அவர் அப்படிச் செய்யவில்லை என்றால், என் பிள்ளை செய்தது மாமா செய்ததை அல்ல. நான் சொல்லிச் சொல்லி அழகாக்கிய ஒன்றை நம்பித்தான் அவள் முகத்தை அதற்குள் நீட்டியிருக்கிறாள். இரவில் அவள் தூக்கத்தில் புரண்டு கட்டு நகர்ந்துவிடுமோ என்று பக்கத்தில் இருப்பேன். அப்போதும் அந்தச் செம்மஞ்சள் விளக்குத்தான்.

கடைசியில் நீர்கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். மாமாவோடு தொலைபேசியில் கதைக்க முடியாது. அந்தக் காதுகள் இரண்டும் போய் வருடக்கணக்கு. "கதவைத் தட்டினாலும் ஆமென் எண்டுதான் சொல்லுவார்" என்று மாமி முன்பே சொல்லியிருந்தார். அன்றைக்கு மாமி பகிடி விடவில்லை. மகளைப் பற்றி எல்லாம் கேட்டு, அழுது, செபமாலை சொல்வதாகச் சொல்லி முடித்த பிறகு, நான் என் கேள்வியைக் கேட்டேன். மாமா செற்றை ஓடவிட்டுத்தான் அடிப்பாரா?

"எனக்கென்ன தெரியும் பிள்ளை, நான் குசினிக்குள்ள. பொறு, கேக்கிறன்." மாமி அவருடைய காதருகில் சத்தம் போட்டுக் கேட்பது எனக்கு இங்கே கேட்டது. என்ன நடந்ததென்று சொன்னார், மகளுடைய கண் என்றார், செற் ஓட ஓட அடிச்சனீங்களோ எண்டு கேக்கிறாள் என்றார்.  எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது.

"என்னவாம் மாமி?"

"ஓமெண்டும் சொல்லேல்ல, இல்லையெண்டும் சொல்லேல்ல. தான் வாறாராம்."

எழுபத்தெட்டு வயது மனிதர், முழங்கால் இரண்டும் சரியில்லை, பஸ்ஸில் நீர்கொழும்பிலிருந்து வெள்ளவத்தைக்கு. வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். சொன்னாலும் கேட்காது என்றார் மாமி.

கட்டு அவிழ்த்த காலையில் நானும் மகளும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டொக்டர் விரலைக் காட்டினார். மகள் எண்ணினாள். எழுத்துப் பலகையில் பெரிய எழுத்துகளை வாசித்தாள், அதற்குக் கீழே புகைமாதிரி இருக்கிறது என்றாள். அந்தப் புகை கலையக்கூடும் என்றார் டொக்டர், முழுக்கக் கலையுமா என்பதை இன்னும் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். மறுபடியும் அந்தச் சொல். வீட்டுக்கு வந்தோம். மின்விளக்குக் கூச்சம் என்று அவள் சொன்னாலும், சுவிச்சில் கைவைக்க அவள் தயங்குவதை நான் கவனித்திருந்தேன். அந்தச் சில நாட்களாக வீட்டில் எந்த விளக்கையும் நான்தான் போட்டேன். காற்றாடியையும் நான்தான் போட்டேன். அவளும் போடச் சொல்லிக் கேட்கவில்லை, இருட்டிலும் புழுக்கத்திலும் சும்மா இருப்பாள்.

பிற்பகல் கதவு தட்டப்பட்டது. மாமா நின்றார். மின்தூக்கி வேலை செய்யவில்லை, மூன்று மாடியும் ஏறி வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கையில் ஒரு பையில் கருவாடும் வாழைப்பழச் சீப்பும். என்னைத் தாண்டி உள்ளே வந்து, மகளுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, மூச்சு வாங்கியபடி அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். முளைக்கத் தொடங்கியிருந்த புருவத்தைப் பெருவிரலால் ஒருதரம் தடவினார்.

"கரகரப்பு நிண்டதோ?" என்றார்.

மகள் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். காது கேளாதவருக்கு விளங்கும்படி தலையைப் பெரிதாக ஆட்டி, "நிண்டது தாத்தா. மாமிப் பாட்டி வடிவாப் பாடினவ" என்றாள்.

"அவள் அப்ப வடிவாத்தான் பாடினவள். இப்ப என்னைப் பேசிப் பேசித் தொண்டை போட்டுது."

நான் அவருடைய காதருகில் குனிந்தேன். எத்தனை நாளாக அடக்கிவைத்திருந்த கேள்வியைச் சத்தமாகக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்தே பதில் சொன்னார். "ஓடவிட்டுத்தான் அடிச்சனான். அப்ப ஒண்டும் நடக்கேல்ல, கடவுள் காப்பாத்தினவர். உங்கட அம்மா கண்டதைத்தான் சொன்னவ. பிழையெண்டால் அது என்ர."

எனக்கு அழுகை வந்தது. இறக்கிவைக்க முடியாமல் இருந்த சுமையை வேறு யாரோ வாங்கிக்கொண்டது போல இருந்தது. மாமா எழும்பி, "எங்க அந்தச் சாமான்?" என்று கேட்டுக்கொண்டே மகளின் அறைக்குள் போனார். அம்பிளிபயர் அன்று கிடந்தபடியே மூடியில்லாமல் கிடந்தது, பக்கத்தில் அந்த டின். நான் வாசலில் நின்றேன். மகள் எனக்குப் பின்னால், என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமா முதலில் போனது யன்னல்களுக்கு. கொழுக்கிகள் துருவேறி இறுகியிருந்தன. உள்ளங்கையால் தட்டித் தட்டி மூன்றையும் திறந்தார். உப்புக்காற்று உள்ளே வந்தது. மருதானைப் பக்கம் போகிற ரயில் ஒன்றின் இரைச்சல் அறையை நிறைத்தது, அவருக்கு அது கேட்கவே இல்லை. பிறகு சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றினார். அம்பிளிபயரைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்த சிறு மூடியை விரல் நுனியால் திருகினார். கண்ணாடிப் பியூஸ் அவர் உள்ளங்கையில் விழுந்தது. பார்க்காமலே அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எதையும் யோசித்துச் செய்கிற கை அல்ல அது. பிள்ளையாரைக் கண்டால் சிலர் தலையில் குட்டிக்கொள்வதைப் போல, கோயிலைக் கண்டால் நாங்கள் சிலுவை போடுவதைப் போல, தானாகப் போய்த் தானாக வந்த கை. பிறகு டின்னை எடுத்து, கறுத்துப்போன சுவிச்சின் இடுக்குக்குள் சிவப்புக் குழாயை விட்டார். ஒரேயொரு சீறல். மகளின் விரல்கள் என் தோளில் இறுகின.

செம்மஞ்சள் விளக்கு எரியவில்லை. எப்படி எரியும்? பியூஸ் அவருடைய பையில் கிடக்கிற வரைக்கும் அது ஒருநாளும் எரிந்திருக்காது. அந்தக் கொட்டாஞ்சேனை மேசையில் விளக்கு எரிந்ததா என்று நான் இத்தனை நாளும் தேடிய இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியாமல் போனதற்குக் காரணம், நான் மறந்தது அல்ல. சீறும்போது அவருடைய முதுகு விளக்கை மறைத்திருந்தது, அதற்குப் பிறகு நான் அங்கே இருக்கவில்லை. சீறலுக்கும் பாட்டுக்கும் நடுவில் நான் குசினியில் நின்றேன், மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இஞ்சி தட்டுகிற மாமியோடு. அந்த மணம் முழுதும் கலைந்து போகிற வரைக்கும் ஒரு பிள்ளையை அந்த அறையில் வைத்திருக்க மாமா விரும்பவில்லை. அதை அவர் சொல்லவுமில்லை. கோப்பையோடு நான் திரும்பி வரும்போது மாமி ஏற்கெனவே கசெற்றில் பாடிக்கொண்டிருப்பார். இரண்டையும் நான் ஒன்றாக ஒட்டிவைத்துக்கொண்டேன். நடுவிலிருந்த காத்திருப்பைத் தேத்தண்ணிப் பைத்தியம் என்று தனிக் கதையாக்கிச் சிரித்தேன், என் மகளையும் சிரிக்கவைத்தேன்.

திரும்பிப் பார்த்தேன். மகள் மாமாவின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள், புகை படிந்த கண்ணாலும் மற்றக் கண்ணாலும். அவளுக்கும் விளங்கிவிட்டது. சற்றுமுன் அவர் சொன்னது பொய் என்றும், அது யாருக்காகச் சொன்ன பொய் என்றும்.  என் தோளிலிருந்த கையை அவள் எடுக்கவில்லை.

மாமா டின்னை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். நாங்கள் இருவரும் நின்ற நிலையைக் கண்டார். அவருடைய கை பைக்குப் போய், அங்கே கிடந்ததைத் தொட்டு, நின்றது. தான் என்ன செய்துவிட்டார் என்று அப்போதுதான் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். பிறகு, எனக்குப் பத்து வயதாக இருந்தபோது சொன்ன அதே குரலில் சொன்னார்:

"பிள்ளை, ஒரு பிளேன்ரீ போடு. இஞ்சி தட்டிப் போடு. அவளையும் கூட்டிக்கொண்டு போ."